கூடாரமும் குழந்தைகளும்

ஒரு நாளைச் சந்தோஷமாகக் கழிக்கப் போகிற இடத்துக்கு உண்மையையும் உடன் அழைத்துப் போக வேண்டுமா? சாப்பாட்டுக் கூடை, தண்ணீர், மழை வந்தால் குடை இவற்றோடு சரித்திரத்தையும் மூட்டை கட்ட வேண்டுமா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். பதில் சொல்ல உட்கார்ந்தால் அத்தனை சின்னதாக இல்லை.

கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவள் என் தங்கை. அவளுக்கு இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில் குடித்தனம். பையனுக்குப் பதினொரு வயது, பெண்ணுக்கு ஏழு. விடுமுறையில் ஒரு நாள் வேல்ஸ் பக்கம் போய், போவிஸ் கோட்டையைப் பார்த்து வரலாம் என்று திட்டம் போட்டிருக்கிறாள். ரயிலில் வெல்ஷ்பூல் போய் இறங்கினால் நடக்கிற தூரந்தான். சிவந்த கல்லாலான பழைய மாளிகை, படிப்படியாக இறங்கும் தோட்டம், மேகம்போல் புடைத்து நிற்கும் மரவேலி, உலாவுகிற மயில்கள். 1952-ல் அதன் பிரபு காலமானபோது மாளிகை நேஷனல் டிரஸ்ட் என்ற ஸ்தாபனத்தின் பொறுப்புக்கு வந்தது. இப்போது சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் போய்ப் பார்க்கலாம்.

"எல்லாம் சரி, அண்ணா. உள்ளே கிளைவ் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. நம் நாட்டுச் சாமான்கள், திப்பு சுல்தானின் கூடாரம்கூட இருக்கிறதாம். குழந்தைகள் கேட்டால் என்ன சொல்வது? ஒரு நாள் ஆனந்தமாகப் போய்வருவதில் பாடம் எதற்கு என்கிறார் அவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று எழுதியிருந்தாள்.

மாப்பிள்ளை சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வாரமெல்லாம் உழைத்தவனுக்கு ஒரு நாள் மனம் லேசாக இருக்க உரிமை உண்டு. ஏழு வயதுப் பெண் மயிலைப் பார்த்துக் குதிக்கும்போது, அவள் காதில் யுத்தக் கதையை ஓதுகிறவன் நல்ல தகப்பன் ஆகமாட்டான்.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் ரோஷக்காரர். "பறிபோன பொருளைக் காசு கொடுத்துப் பார்ப்பதா? போகவே கூடாது என்று எழுதுங்கள்" என்றார். அந்த ரோஷமும் எனக்குப் புரிகிறது. ஏனென்றால், அந்த மாளிகையின் கதையில் நம் ஊர்ப் பெயர்கள் வருகின்றன.

ராபர்ட் கிளைவ் 1744-ல் குமாஸ்தாவாகச் சென்னையில் வந்து இறங்கியவர். 1751-ல் ஆற்காட்டில் பெயர் வாங்கினார். பிறகு வங்காளத்தில் பெரும்பணம் சேர்த்துக்கொண்டு போனார். போவிஸ் அவருடைய வீடு அல்ல. அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 1784-ல், அவர் மகன் எட்வர்ட், போவிஸ் குடும்பத்துப் பெண்ணான ஹென்ரியட்டாவை மணந்தார். அந்தச் சம்பந்தத்தினால் கிளைவின் செல்வமும் கோட்டையும் ஒன்று சேர்ந்தன.

இந்த எட்வர்ட்தான் 1798 முதல் 1803 வரை சென்னைக் கவர்னர். அவர் காலத்தில்தான், 1799-ல், ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டான். அதே வருஷம் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்கும் அதே கதி நேர்ந்தது. நடுவில் 1800-ல், கவர்னரின் மனைவி தம் இரு பெண்களை அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து மைசூர்ச் சீமைக்குப் பிரயாணம் போனார். ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் பார்த்தார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு குடும்ப உல்லாசப் பயணந்தான்! அந்தத் தாய்க்கு அது புதுமையான காட்சி. போன வருஷந்தான் வீட்டு ஆண்களைப் பறிகொடுத்த ஊர்க்காரர்களுக்கு அது என்ன?

திப்புவின் சீட்டித் துணிக் கூடாரம் போவிஸில் பிற்பாடு தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் பயன்பட்டதாம். எனக்கு அதைக் கொண்டுபோனதைவிட இதுதான் அதிகம் உறுத்துகிறது. பொருளை எடுத்தவனுக்காவது அது யாருடையது என்று தெரியும். அதன் நிழலில் தேநீர் குடித்தவர்களுக்கு அந்த நினைப்பும் போய்விட்டது. பறிப்பது ஒரு நாள் வேலை. மறப்பதுதான் அந்தப் பறிப்பைப் பூர்த்தி செய்கிறது.

ஆகவே, போகாதே என்று நான் சொல்லமாட்டேன். நாம் போகாவிட்டால் மறதிக்குத்தான் லாபம். சொல்லாதே என்றும் சொல்லமாட்டேன். 2020-ல் அந்த ஸ்தாபனமே, தன் வசமுள்ள மாளிகைகளில் 93-க்கு அடிமை வியாபாரத்தோடும் குடியேற்ற ஆட்சியோடும் உள்ள தொடர்பை எழுதி வெளியிட்டது. அங்கேயும் வாக்குவாதம் எழுந்தது. 'அழகை ரசிக்க வந்த இடத்தில் இது எதற்கு?' என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. மாப்பிள்ளையின் கட்சிக்கு அங்கேயும் ஆள் இருக்கிறது!

ஆனால், பிறரைக் கேட்கிற கேள்வி திரும்பி வந்து நம் வாசலிலும் நிற்கும். நாம் குடும்பம் குடும்பமாகக் கானாடுகாத்தான் பக்கம் போய்ச் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கிறோம். பர்மாத் தேக்குத் தூணருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். 1930-க்குப் பின் நெல் விலை விழுந்தபோது, கடன் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் வயல்கள் ஏராளமாகக் கை மாறின. கொடுத்தவர்கள் சட்டப்படி கொடுத்தவர்கள். யுத்தமும் அதன் பிறகு வந்த ஆட்சியும் அவர்களையும் எல்லாவற்றையும் இழக்கச் செய்தன. இதைப் போர்க்கொள்ளையோடு ஒன்றாக எடை போடுவது அநியாயம். என்றாலும், தூணைத் தடவுகிற கைக்கு அந்த உழவனின் நினைப்பு ஒரு நிமிஷமாவது வர வேண்டாமா? நம் தூணுக்குக் கேட்காத கேள்வியை அவர்கள் கூடாரத்துக்கு மட்டும் கேட்டால் அது நியாய உணர்ச்சி ஆகாது, வெறும் வீம்பு.

தங்கைக்கு இப்படி எழுதினேன்: "முதலில் தோட்டத்துக்குப் போ. குழந்தைகள் ஓடட்டும், சாப்பிடட்டும், மயிலைத் துரத்தட்டும். அந்தச் சந்தோஷம் அவர்களுக்கு யாரும் போட்ட பிச்சை அல்ல. பசி ஆறிய பிறகு உள்ளே அழைத்துப் போ. கூடாரத்தின் முன் நின்று, 'இதன் பூக்களை எழுதியது நம் நாட்டுக் கைகள். ஒரு ராஜா இதில் இருந்தான். யுத்தத்தில் அவனைக் கொன்று இதைக் கொண்டுவந்தார்கள்' என்று மூன்றே வாக்கியம் சொல். கோபத்தையும் வெட்கத்தையும் நீ ஊட்ட வேண்டாம். பெரியவன் மேலே கேட்பான். கேட்டதற்கு மட்டும் ஒளிக்காமல் பதில் சொல்."

அழகும் அநியாயமும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்பதை ஒரு குழந்தை எப்போதாவது தெரிந்துகொண்டுதான் ஆகவேண்டும். அதை வெயிலும் புல்தரையும் உள்ள ஒரு நல்ல நாளில், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தெரிந்துகொள்வதைவிட வேறு நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.