வளர்ப்பார் கடனும் வாதனையும்

தூத்துக்குடிக் கடற்றுறை முத்துக் குளித்தலாற் பெயர் பெற்றது. மன்னார் வளைகுடாவின் அப்பெருங் குளிப்பு 1961-ஆம் ஆண்டொடு நின்றதாயினும், முத்தைப் பற்றிய உவமை நம்மவர் நாவில் இன்னும் நிலவுகின்றது. சிப்பியினுட் புகுந்த உறுத்தல் முத்தாவதுபோல, இளமையிற் பட்ட துன்பம் பிள்ளைகளைச் சிறப்பிக்குமென்பர் பலர். குளித்தெடுத்த சிப்பிகளிற் பெரும்பாலன முத்தின்றியே மாய்ந்தன. முத்துடையனவும் அதனைத் தந்தபோது உயிரோடில்லை. ஆகலின் துன்பத்தைப் பாராட்டுதல் துன்புற்றார்க்குச் செய்யும் உதவியன்று.

26-12-2004-இல் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரவர்க்கு மேற்பட்டோர் உயிரைக் கவர்ந்தது. பெற்றோரை இழந்த குழவிகட்கு அரசினர் ஆங்குக் காப்பகம் அமைத்தனர். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமோ, காப்பகத்தைக் கடைசி வழியாக வைத்து, தக்க குடும்பத்தாரிடம் குழந்தையை ஒப்புவித்து வளர்க்கும் முறையையும் வகுத்துள்ளது. இங்ஙனம் வளர்க்க முன்வந்தோர் சின்னாளில் அயர்ந்து, "வயிறார உண்டும் சோற்றை ஒளித்து வைக்கின்றான், சிற்றொலிக்கும் நடுங்குகின்றான், அணைத்தாற் சினக்கின்றான், இஃது இவன் பிறவிக்குணம் போலும்" என்று வருந்துவதுண்டு. பிறவிக்குணமேயோ என்பது ஈண்டு யாம் ஆராயப் புகுந்த வினா.

அன்றென்பதே சித்தாந்தத் துணிபு. என்னையெனின், உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. படிகத்திற் றோன்றும் செம்மை படிகத்தின் இயல்பாகாது. அற்றேல், சார்பு நீங்கியவுடன் நிறமும் நீங்கவேண்டுமன்றோ எனின், பெருங்காயம் வைத்த பாண்டம் காயம் ஒழிந்த பின்னும் மணத்தல் காண்க. இதனை நம் ஆசிரியர் வாதனை என்றனர். அச்சொல்லே தமிழில் துன்பத்திற்கும் வழங்குதல் கருதத்தக்கது. பசி நீங்கியும் பசியின் வாதனை சோற்றை ஒளிக்கின்றது. அடித்தார் அகன்றும் அடியின் வாதனை அணைத்த கையை அஞ்சுகின்றது. குழந்தைக்குத் தாயுடனோ தாய்போல்வாருடனோ இடையறாத அன்புறவு வேண்டுமென்பதை ஜான் பௌல்பி என்னும் மருத்துவர் உலகச் சுகாதார நிறுவனத்திற்கு 1951-இல் அளித்த அறிக்கையில் வற்புறுத்தினர். பாண்டத்தை உடைத்து மணத்தைப் போக்குவார் இல்லை. பன்முறை கழுவுவாரே உளர்.

இனி, "அக்குழந்தையின் துன்பம் அதன் முன்வினைப் பயன், யாம் என் செய்வேம்?" என்பாரும் உளர். வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு உரியது. பிறர் துன்பத்தைத் தான் பொறுத்துக் கொள்ளுதற்கு உரியதன்று. வினைப்பயனைக் கூட்டும் இறைவனே அருளையுங் கூட்டுவான். அவ்வருள் வளர்ப்பார் கைவழியாக வருதலை மறுப்பவர் யார்? திலகவதியார் தமக்கென நிச்சயிக்கப்பட்டவரையும் பெற்றோரையும் இழந்தும், தம்பியாரின் பொருட்டே உயிர் தாங்கினர். சூலைநோயோடு மீண்டு வந்து அடிவீழ்ந்த அவரைப் பிரிந்து சென்றமை பற்றித் தள்ளினாரல்லர். உழந்த துயருக்கு இரங்கி எழுப்பித் திருநீறு அளித்தனர். தாமும் புண்பட்டவரே பிறர் புண்ணை ஆற்றினரென்பது உய்த்துணரத்தக்கது.

பிறிதொன்றுங் கூறுவோம். இம்முறையில் ஒப்புவிக்கப்பட்ட குழந்தை ஒருகால் பெற்றோரிடமே மீளலும் கூடும். ஆதலின் 'எனது' என்னும் செருக்கின்றி வளர்த்தல் வேண்டும். நம்பியாரூரரை மகன்மை கொண்ட நரசிங்கமுனையரையர், அரச வாழ்வளித்தும் அவர்தம் மரபை மாற்றினாரல்லர். வளர்க்கப்படும் குழந்தையின் பழைய நினைவும், பெற்றோர் பெயரும், அவர்க்காக அழும் அழுகையும் அதற்கே உரியன. அவற்றைத் தடுத்தலும் நன்றியை எதிர்பார்த்தலும் வளர்ப்பார் கடனாகா.

மடங்களை நாடித் தம் அயர்வைச் சொல்லிக்கொள்ளும் வளர்ப்புப் பெற்றோர் உளர். அவர்க்கு, "எல்லாம் வினை" என்று விடைகொடுத்து அனுப்புதல் எளிது. "குழந்தை உம்மை வெறுக்கவில்லை, முன் பட்டதை அஞ்சுகின்றது. இன்னும் சிறிது பொறுத்திருமின்" என்று கூறுதலே சிவநெறி நின்றார்க்குத் தக்கதாம்.