உடைந்த பிறகு வரும் ஒரு மணி நேரம்

1957 அக்டோபர் 4. சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவிய நாள். அதே நாளில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'லீவ் இட் டு பீவர்' என்ற குடும்ப நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. முதல் கதையில் நடப்பது இவ்வளவுதான்: இரண்டாம் வகுப்புப் படிக்கும் பீவரிடம் டீச்சர் ஒரு கடிதத்தைக் கொடுத்து, அம்மாவிடம் சேர்க்கச் சொல்கிறார். பையன் அதைச் சேர்க்கவில்லை. பிரித்துப் பார்க்கவும் துணிவில்லை. பள்ளியை விட்டே தன்னை நீக்கிவிட்டார்கள் என்று தானாகவே முடிவுகட்டிக்கொள்கிறான். அண்ணன் வாலியும் அவனும் சேர்ந்து, அம்மா எழுதியது போல ஒரு பதிலைத் தயார் செய்து டீச்சரிடம் கொடுக்கிறார்கள். குட்டு உடைந்துவிடும் என்று தெரிந்ததும் பீவர் ஓடிப்போய் மரத்தில் ஏறிக்கொள்கிறான். அந்தக் கடிதத்தில் இருந்தது என்ன? பள்ளி நாடகத்தில் அவன் ஸ்மோக்கி கரடியாக நடிக்க வேண்டும், அதற்கு வீட்டார் சம்மதம் தேவை. அவ்வளவே.

தப்பே நடக்காத ஒரு கதை. ஆனாலும் அந்தப் பையன் மரக்கிளையில் உட்கார்ந்திருந்ததும் அவனுடைய பயமும் முழுக்க உண்மை.

இந்தத் தொடர் 1963 ஜூன் 20 வரை 234 அத்தியாயங்கள் ஓடியது. ஜோ கானலி, பாப் மோஷர் என்ற இரு எழுத்தாளர்கள் உருவாக்கியது. இருவரும் பிள்ளைகளைப் பெற்றவர்கள். கதைக்காக அவர்கள் வெகுதூரம் போகவில்லை. தங்கள் வீடுகளில் நடந்ததையே எடுத்துக்கொண்டார்கள். கானலியின் பெரிய பையன் எப்போதும் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருப்பானாம். வாலி கையில் சீப்பு வந்தது அப்படித்தான். சின்னவன் சொற்களின் முதல் அசையை விழுங்கிப் பேசுவான். அந்தப் பேச்சு பீவருக்குப் போனது. மோஷரின் மகன் ஒருநாள் தன் முடியைத் தானே கன்னாபின்னாவென்று வெட்டிக்கொண்டு, பள்ளி நாடகத்தில் தலையில் குல்லா மாட்டிக்கொண்டு மேடை ஏற வேண்டியதாயிற்று. அது முதல் பருவத்திலேயே 'தி ஹேர்கட்' என்ற அத்தியாயமாகிவிட்டது.

வீட்டில் நடந்ததையும் திரையில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எழுத்தாளர்கள் எதைச் சேர்த்தார்கள் என்பது தெரியும். கதையில் பீவர் விளையாட்டுக்காக முடியை வெட்டிக்கொள்ளவில்லை. கையில் கொடுத்த காசை அடிக்கடி தொலைப்பவன் அவன். இனித் தொலைக்கக் கூடாது என்று கண்டிக்கப்பட்ட பிறகு, முடிவெட்டக் கொடுத்த காசும் காணாமற்போகிறது. வீட்டுக்குப் போய் "தொலைத்துவிட்டேன்" என்று சொல்ல நா எழவில்லை. முடி வெட்டியாகிவிட்டது என்று காட்டியாக வேண்டும். கத்தரிக்கோலை எடுக்கிறான். நிலைமையைச் சரிசெய்ய வந்த அண்ணனும் தன் பங்குக்கு வெட்டுகிறான். பிறகு இருவரும் குல்லா போட்டுக்கொண்டு சுற்றுகிறார்கள்.

இந்தத் தொடரின் உயிர் இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. காசு தொலைவது ஒரு நொடிச் செய்தி. அதற்கும் அப்பா அம்மாவுக்குத் தெரியவருவதற்கும் நடுவே ஒரு பிள்ளை தன்னந்தனியாகக் கழிக்கிற நேரம் இருக்கிறதே, அதுதான் கதை. கானலியும் மோஷரும் அந்த நேரத்தை மதித்தார்கள். பெரியவர்கள் சிரித்துத் தள்ளிவிடும் ஒரு விஷயத்துக்கு, பிள்ளையின் கண்மட்டத்தில் நின்று ஒரு முழு அத்தியாயத்தையே கொடுத்தார்கள்.

இதே அச்சில் வந்த இன்னொரு கதை 'கேப்டன் ஜாக்'. காமிக் புத்தக விளம்பரத்தைப் பார்த்து, அண்ணன் தம்பி இருவரும் தபாலில் ஒரு முதலைக் குட்டியை வரவழைக்கிறார்கள். அதற்குத் தண்ணீர் வேண்டும், யார் கண்ணிலும் படவும் கூடாது. ஆகவே கழிப்பறையின் ஃப்ளஷ் டேங்கில் விடுகிறார்கள். தொடரின் முதல் அத்தியாயமாக வர வேண்டியது இது. கழிப்பறையைத் திரையில் காட்டக் கூடாது என்று தொலைக்காட்சித் தணிக்கையினர் தடுத்ததால் ஒரு வாரம் தள்ளிப்போனது. கடைசியில் டேங்கை மட்டும் காட்டலாம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

1961 மே மாதம் வந்த 'இன் தி சூப்' அத்தியாயத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தெருவில் பெரிய சூப் விளம்பரப் பலகை. அதிலிருக்கும் கிண்ணத்திலிருந்து நிஜமாகவே ஆவி எழுகிறது. கிண்ணத்துக்குள் சூப் இருக்கிறதா இல்லையா என்று பீவருக்கும் அவன் கூட்டாளி ஒயிட்டிக்கும் வாதம். ஏறிப் பார்த்துவிடுவது என்று பீவர் ஏறுகிறான், கிண்ணத்துக்குள் விழுந்துவிடுகிறான். கீழே கூட்டம் கூடிவிடுகிறது. தீயணைப்புத் துறையினர் வந்துதான் இறக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பையனை ஏற வைத்தது குறும்பு என்று சொல்லிவிடுவது எளிது. ஆவி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் அவனை ஏற்றியது. பிள்ளைகளின் விபத்துகளில் பாதிக்குமேல் ஆராய்ச்சிகளே.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே 1932இல் வெளிவந்த தன் நூலில் இதையொட்டிய ஒரு கேள்வியைக் குழந்தைகளிடம் கேட்டிருக்கிறார். ஒரு பையனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அவன் கதவைத் தள்ளித் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் நாற்காலியில் 15 கோப்பைகள் அடுக்கிய தட்டு இருப்பது அவனுக்குத் தெரியாது. பதினைந்தும் உடைகின்றன. இன்னொரு பையன், அம்மா வெளியே போயிருக்கும்போது அலமாரியிலிருந்து ஜாம் எடுக்க நாற்காலி மேல் ஏறுகிறான். கை பட்டு ஒரு கோப்பை உடைகிறது. இருவரில் யார் செய்த தப்பு பெரியது? சின்னப் பிள்ளைகள் பலர், பதினைந்து உடைத்தவன்தான் என்றார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்கள், உடைத்தவனின் மனதில் என்ன இருந்தது என்று பார்த்தார்கள்.

பியாஜே இதைப் பிள்ளைகளின் வளர்ச்சிப் படியாகச் சொன்னார். ஆனால் சத்தம் கேட்டு சமையலறைக்கு ஓடிவரும் பெரியவரைக் கவனித்தால், அந்த முதல் கணத்தில் அவரும் கோப்பைகளைத்தான் எண்ணுகிறார். சிதறிக் கிடப்பது விலை உயர்ந்த பொருள் என்றால் குரலும் உயர்கிறது. பிள்ளை என்ன நினைத்து அங்கே போனது என்ற கேள்வி பிறகுதான் வருகிறது, சில நாள் வருவதே இல்லை. பிள்ளைகள் இதை மிகச் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அவர்கள் துண்டுகளைப் பொறுக்கிச் சோபாவுக்கு அடியில் தள்ளுவது, இதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு முதல் அத்தாட்சி.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் விக்டோரியா டல்வாரும் காங் லீயும் மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பள்ளியில் சின்னச் சின்னத் தவறுகளுக்கும் அடி விழும். மற்றதில் கண்டிப்பு உண்டு, அடி கிடையாது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை முதுகு காட்டி உட்காரவைத்து, பின்னால் என்ன பொம்மை இருக்கிறது என்று ஒலியைக் கேட்டுச் சொல்லச் சொன்னார்கள். நடுவில் ஆய்வாளர் வெளியே போவார், போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போவார். இரு பள்ளிகளிலும் பெரும்பாலோர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தாயா என்று கேட்டபோது, அடி விழும் பள்ளியின் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் இல்லை என்றார்கள். மற்றப் பள்ளியில் அப்படிச் சொன்னவர்கள் பாதியளவுதான். இதைவிட மனத்தைத் தைப்பது அடுத்த விவரம். அடிக்குப் பழகிய பிள்ளைகள் பொய்யைத் திறமையாகவும் சொன்னார்கள். என்ன பொம்மையாக இருக்கும் என்று தொடர்ந்து கேட்டால், தெரிந்ததை வாய்தவறி உளறாமல் தெரியாததுபோல் காட்டிக்கொண்டார்கள். அடி அவர்களின் கையைக் கட்டவில்லை, நாக்கைத்தான் பழக்கியது.

பிள்ளை சொல்லத் தயங்குகிற அந்த ஒரு மணி நேரம் வெறும் மனம் சார்ந்த விஷயமும் இல்லை. இன்று வீடுகளில் பொம்மை, ரிமோட், கடிகாரம், எடை பார்க்கும் கருவி என்று பலவற்றில் தட்டையான பொத்தான் பேட்டரி இருக்கிறது. அதை ஒரு குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து அந்த இடத்தில் கடுமையான காரம் உருவாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசு வெந்து புண்ணாகிவிடக் கூடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய ஆபத்து அது. தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று தெரிந்தும், ரிமோட்டைப் பிரித்ததற்குத் திட்டு விழுமே என்று வாயை மூடிக்கொண்டு மூலையில் நிற்கும் பிள்ளையை நினைத்துப் பார்க்க வேண்டும். தப்பு செய்தால் ஓடிவந்து சொல்லலாம் என்ற நம்பிக்கை அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்திருந்தால், அந்த இரண்டு மணி நேரம் மருத்துவர் கைக்குப் போய்ச் சேரும்.

இப்படிப்பட்ட கதைகளைச் சொல்லிப் புகழ்பெற்றவர்களின் வீடுகள் எல்லாம் பீவரின் வீடாக இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1950இல் கலிஃபோர்னியாவில் ஹேங்க் கெட்சம் என்ற ஓவியரின் மனைவி ஆலிஸ், அவருடைய வேலை அறைக்குள் வந்து, உங்கள் மகன் பெரிய தொல்லை என்று பொருமினார். நான்கு வயது டென்னிஸ் தூங்குவதற்குப் பதில் தன் அறையையே கலைத்துப் போட்டிருந்தான். அந்தப் பொருமலிலிருந்து பிறந்ததுதான் 'டென்னிஸ் தி மெனஸ்' என்ற கார்ட்டூன். 1951 மார்ச்சில் 16 பத்திரிகைகளில் தொடங்கி உலகெங்கும் பரவியது. 1959இல் சிபிஎஸ்ஸில் குடும்ப நகைச்சுவைத் தொடராகவும் வந்தது. படத்திலிருக்கும் டென்னிஸ் எதை உடைத்தாலும் மறுநாள் மன்னிக்கப்பட்டான். பெயரைக் கொடுத்த மகனோ, தொடர் வெளியான அதே 1959இல் தாயை இழந்தான். பிறகு விடுதிப் பள்ளிக்குப் போனான். வியட்நாம் போரில் பணியாற்றினான். தந்தைக்கும் மகனுக்கும் இடையே விழுந்த இடைவெளி கடைசிவரை மூடவில்லை. ஒரு குழந்தையின் குறும்பை அழகாகச் சொல்லத் தெரிவதும் அந்தக் குழந்தையுடன் வாழ்வதும் ஒன்றாகிவிடாது என்பதற்கு, இதைவிட வலிக்கும் சான்று தேட வேண்டியதில்லை.

'தி பிராடி பஞ்ச்' தொடரில் 1970 டிசம்பரில் வந்த பூ ஜாடிக் கதையும் இங்கே பொருத்தமானது. வீட்டுக்குள் பந்து விளையாடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. பீட்டர் எறிந்த கூடைப்பந்து பட்டு, அம்மாவுக்குப் பிடித்த ஜாடி உடைகிறது. அவன் ஆசையாகக் காத்திருந்த முகாம் பயணம் நெருங்கிவிட்டது. அது கெட்டுவிடக் கூடாதென்று அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரும் கூடி ஜாடியை ஒட்டுகிறார்கள். இரவு உணவு மேசையில் ஒட்டிய ஜாடி தண்ணீரைக் கசியவிடுகிறது. உடனே ஒவ்வொருவராக வந்து, நான்தான் உடைத்தேன் என்கிறார்கள், பீட்டரைத் தவிர. விஷயத்தை ஊகித்துவிட்ட பெற்றோர், மற்றவர்களுக்கு என்ன தண்டனை கொடுப்பது என்று முடிவெடுக்கும் பொறுப்பை அவனிடமே விடுகிறார்கள். பையன் உள்ளுக்குள் புழுங்கி, ஒப்புக்கொள்கிறான்.

பார்க்கச் சுவையான கதை. ஆனால் அந்தப் பெற்றோரின் வழி அவ்வளவு உயர்ந்ததாகத் தோன்றவில்லை. உண்மை தெரிந்த பிறகும் ஒரு பிள்ளையைக் குற்றவுணர்வில் ஊறவிட்டுக் காத்திருப்பது, அந்தத் தனிமையான நேரத்தை நீட்டித்துத் தருவதுதான். இந்த இடத்தில் பீவரின் அப்பா வார்டின் வழி மேலானது. அவரும் அதட்டுவார், அவசரப்பட்டுத் தப்பாகவும் முடிவெடுப்பார். ஆனால் மனைவி ஜூனுடன் பேசி, தான் எங்கே பிசகினோம் என்று யோசிப்பார். பிறகு பையனின் அறைக்கு ஏறிப்போய், தன் சின்ன வயதில் செய்த கோணங்கித்தனம் எதையாவது சொல்வார். இந்த நிலையில் தனக்கு முன்னால் வேறு ஒருவரும் நின்றிருக்கிறார், அவர் தன் அப்பா என்ற செய்தி அந்தப் பையனுக்குத் தண்டனையைவிட அதிகம் சொல்லிக்கொடுக்கிறது.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் ஆகிய உளவியலாளர்கள் வார்ட் சொல்வது போன்ற குடும்பக் கதைகளைப் பற்றி 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா, அப்பா அம்மாவுக்குப் பள்ளியில் என்னென்ன நடந்தது தெரியுமா, சின்ன வயதில் அவர்களுக்கு நேர்ந்த நோயோ காயமோ தெரியுமா என்று போகும் அந்தப் பட்டியல். அதிகக் கேள்விகளுக்கு ஆம் என்று சொன்ன பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தம் வாழ்க்கை தம் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. இதைப் படித்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து இருபது விடைகளையும் மனப்பாடம் செய்விக்கப் பெற்றோர் கிளம்பிவிடக் கூடாதே என்று டியூக்கே பிறகு எச்சரித்து எழுதினார். விடைகள் தனியாக எந்தப் பலனும் தரா, பல வருடங்களாகச் சாப்பாட்டு மேசையிலும் பயணங்களிலும் விடுமுறைகளிலும் அந்தக் கதைகளைச் சொல்ல ஒருவர் இருந்தார், கேட்க ஒரு பிள்ளை இருந்தது என்பதைத்தான் அந்த மதிப்பெண் காட்டுகிறது என்றார் அவர்.