பிடித்த பிஸ்டன்

முதல் நாள்

மலைமேட்டு ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறக்கிய எஞ்சின் பொட்டிபுரம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. கோடையில் ஓடைத் தண்ணீரை ஏலச்செடிக்கு ஏற்றிய பழைய டூ ஸ்ட்ரோக் பம்பு. கடைசியாக ஓட்டியவர் அப்பா. மழை பிடித்ததும் சாக்கைப் போர்த்தி ஸ்டோர் மூலையில் வைத்தார். அடுத்த மாசிக்கு அவர் இல்லை. மூன்று மழைக்காலம் போய்விட்டது. கயிற்றைச் சுற்றி இழுத்தேன், அசையவில்லை. பிஸ்டன் பிடித்துவிட்டது.

சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தேன். இந்த எஞ்சினில் வால்வு கிடையாது, பிஸ்டன்தான் கதவு. மேலும் கீழும் போகும்போது அதுவே வாசலைத் திறந்து மூடுகிறது. நின்றபோது பாதிக் கதவு திறந்தபடி நின்றிருக்கிறது. அந்த வழியாக மேட்டின் பனிமூட்டம் உள்ளே போயிருக்கிறது. வாசலில் ரிங்கின் விளிம்பு தெரிந்தது, செம்மண் நிறத்தில். லைனரும் இரும்பு, ரிங்கும் இரும்பு. இரண்டும் துருவால் ஒட்டிக்கொண்டன. பிஸ்டன் அலுமினியம் என்பதால் அதன் தலையில் துரு இல்லை, வெள்ளைப் பொடி மட்டும்.

எஞ்சினை எடுத்து வைக்கும்போது பிளக் துளையில் ஒரு கரண்டி ஆயிலை விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை மேலே நிறுத்தினால் வாசல் மூடிக்கொள்ளும். அப்பாவுக்கு இது தெரியும். அந்த வருஷம் அவருக்குக் கையில் வலு இல்லை என்பதை நான் இப்போதுதான் புரிந்துகொள்கிறேன்.

இரண்டாம் நாள்

வாசலுக்கு ரப்பர் துண்டு வைத்து அடைத்தேன். டீசலும் கியர் ஆயிலும் பாதிப் பாதி கலந்து பிளக் துளையில் ஊற்றினேன். போடியில் எஞ்சின் வேலை பார்க்கும் சித்தப்பா வந்து பார்த்தார்.

"புடிக்கிறதுக்கு மூணு மழை ஆயிருக்கு. விடுறதுக்கு நாலு நாளாச்சும் குடுக்கணும்யா. அதுவரைக்கும் சுத்தியலைத் தொடாத."

சுத்தியலைத் தொட்டவன்தான் நான். இருபது வயதில் இதே போல ஒரு மருந்தடிக்கிற எஞ்சின் பிடித்தபோது, பிளக் துளையில் இரும்புக் கம்பியை விட்டு ஓங்கி அடித்தேன். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் அந்த ஓட்டையை விரலால் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள்

ஒன்றும் நடக்கவில்லை. ஆயில் மட்டம் ஒரு நூல் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மெல்லிய சந்துக்குள் எண்ணெய் தானே ஏறிப் பரவும். அதை யாரும் தள்ளவில்லை.

பாம்பனில் பைபர் படகுக்காரர்கள் கடலிலிருந்து வந்ததும் எஞ்சினின் கால் முங்கும்படி நல்ல தண்ணீர் டிரம்மில் நிறுத்திக் கொஞ்ச நேரம் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த எஞ்சின் கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்விக்கிறது. உள்ளே தங்கும் உப்பைக் கழுவாவிட்டால் அரித்துவிடும். அவர்களுக்கு உப்பு, எங்களுக்குப் பனி. போதாததற்கு இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். டேங்கைக் காலி செய்யாமல் வைக்கக் கூடாது.

நான்காம் நாள்

திண்ணையிலிருந்து பார்த்தால் அம்பரப்பர் மலை. அதன் அடியில் குடைந்து 50,000 டன் இரும்பை அடுக்கி நியூட்ரினோ என்ற துகளைக் கவனிக்கத் திட்டமிட்டார்கள். 2015 சனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதலும் கொடுத்தது. எதிர்ப்பிலும் வழக்கிலும் வேலை நின்றுபோனது. அந்தத் துகள் மலையையும் இரும்பையும் எதையும் தொடாமல் கடந்து போகுமாம். கோடானுகோடியில் ஒன்றுதான் எங்காவது முட்டும். என் முன்னால் இருக்கும் இரும்போ, மூச்சுக்காற்றின் ஈரத்தைக்கூட விடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து நினைக்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருக்கிறது.

மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவு. வறண்ட காற்று. எஞ்சினுக்கு நல்லது.

ஆறாம் நாள்

ஹெட்டைக் கழற்றினேன். பிஸ்டன் தலையில் வேப்பங்கட்டையை வைத்து, கட்டையின் மேல் லேசாகத் தட்டினேன், கதவைத் தட்டுகிற அளவுக்கு. பிறகு பிளைவீலை முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் அசைத்துப் பார்த்தேன். ஒரே பக்கமாக இழுத்தால் உதிர்ந்த துருவே ஆப்பு போல இறுகிவிடும். பிளைவீலுக்கும் கேஸுக்கும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

ஏழாம் நாள், காலை

பிளைவீலை மறுபடி அசைத்தேன், கோடு உடைந்தது. ஒரு நெல் அகலம். திருப்பிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். மறுபடி ஒரு நெல், அப்புறம் இரண்டு. பிஸ்டன் ஓரத்தில் ரசம் போல பழுப்பு எண்ணெய் ஊறி வந்தது. துணியால் ஒற்றி எடுத்து, புது ஆயில் விட்டேன்.

அம்மா காபியோடு வந்து நின்றாள்.

"ஓடுதாய்யா?"

"இல்லம்மா. அசையுது."

அவள் டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு, பிளைவீலின் மேல் கையை வைத்தாள்.