தேய்வதற்கென்று வைக்கப்பட்டது

தேய்தலை நம் ஒழுக்கப் பேச்சு நெடுங்காலமாகப் புகழ்ந்து வந்திருக்கிறது. சந்தனக்கட்டை, கற்பூரம், மெழுகுவர்த்தி ஆகிய மூன்றும் அதில் ஓயாமல் வருபவை. பிறருக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்வது உயர்வு என்பது இவற்றைக் கொண்டு சொல்லப்படும் கருத்து. இந்தப் புகழ்ச்சிக்குள் ஒரு கேள்வி மட்டும் எழுவதேயில்லை: தேய்ப்பது யார்? தேய்வது கட்டையின் குணம் என்று சொல்லிவிட்டால் கைக்குப் பொறுப்பு எதுவும் மிஞ்சுவதில்லை.

மரபும் உணர்ச்சியும் ஒட்டிக்கொள்ளாத ஒரு பொருளை வைத்து இதை யோசிப்பது சௌகரியம். கனடா போன்ற பனிநாடுகளில் ஓடும் ஸ்னோமொபைலை எடுத்துக்கொள்கிறேன். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் இயந்திரம் சுழற்றும் அகலமான ரப்பர் ட்ராக். ட்ராக்குக்கு உள்ளே நீளவாக்கில் இரண்டு அலுமினியத் தண்டுகள். அவற்றின் அடிவிளிம்பில் செருகப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் பட்டிதான் ஸ்லைடு. ட்ராக்கின் உட்புறத்தில் பதித்த உலோகக் கிளிப்புகள் இதன்மேல் உரசிக்கொண்டே ஓடுகின்றன. ஸ்லைடு தேய்வதற்கென்றே வைக்கப்பட்டது. அது இல்லையென்றால் கிளிப்பும் தண்டும் தேயும். அவற்றை மாற்றுவது பெருஞ்செலவு.

ட்ராக்கின் துளைகள் வழியே புகும் பனி ஸ்லைடைக் குளிர்விக்கிறது. அது உருகிய ஈரமே வழவழப்பையும் தருகிறது. வெறும் சாலையிலோ இறுகிய ஐஸ்மீதோ ஓடினால் இரண்டும் கிடைக்காது. ஸ்லைடு செய்யப்படும் பாலிஎத்திலீன் ஏறக்குறைய 130 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். உரசலின் சூடு அதை எட்டினால் பிளாஸ்டிக் உருகிக் கிளிப்புகளில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பருவம் முழுவதும் பரவ வேண்டிய தேய்மானம் ஒரே பயணத்தில் நடந்துவிடக்கூடும்.

இதைத் தடுக்கும் வேலைகள் எளியவை. வண்டியின் பின்பகுதியைத் தூக்கி நிறுத்தி, ட்ராக்கில் கையேடு சொல்லும் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தொய்கிறது என்று அளக்கிறார்கள். அதிகம் இறுகியிருந்தால் கிளிப்புகள் ஸ்லைடை அழுத்தித் தேய்க்கும். அதிகம் தளர்ந்திருந்தால் ட்ராக் பற்சக்கரத்தில் பல் தாண்டும். ட்ராக் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடினால் ஒரு ஸ்லைடு மட்டும் விரைவில் போகும். பின்சக்கரத் திருகுகளைத் திருப்பி அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இறுகிய பாதையில், தரையைச் சுரண்டிப் பனித்தூளை மேலே வீசும் எஃகுக் கம்பிகளை இறக்கிவிடுகிறார்கள். அவ்வப்போது பாதையோரத்து மெதுபனியில் வண்டியைச் செலுத்திக் குளிர்விக்கிறார்கள். பல ஸ்லைடுகளின் பக்கவாட்டில் தேய்மான எல்லையைக் காட்டும் கோடு ஒன்று உண்டு. அதைக் குனிந்து பார்த்து, தேய்மானம் அங்கே எட்டுமுன் ஸ்லைடை மாற்றிவிட வேண்டும்.

இந்த வேலைகளில் ஒன்றுகூட ஸ்லைடின் குணத்தைப் பற்றியது அல்ல. அது பொறுமையானதா, தியாகம் செய்கிறதா என்ற பேச்சே இல்லை. இறுக்கம், பாதை, எல்லைக்கோடு எல்லாமே ஓட்டுபவனின் பொறுப்பு. ஸ்லைடு உருகிப்போனால் அதைப் புகழ்ந்து அவன் தப்பிக்க முடியாது.

தேய்மானம் விதி அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். 1959இல் க்யூபெக் மாகாணத்தின் வால்கூரில் ஜோசப்-அர்மான் பொம்பார்தியே ஸ்கி-டூவை வெளியிட்ட காலத்து வண்டிகளில் ட்ராக் பெரும்பாலும் சிறு சக்கரங்களின்மேல் ஓடியது. ஸ்லைடு அமைப்பு பின்னால் பரவியது. எடை நீளவாக்கில் சீராக விழ வேண்டும் என்பதற்காக, உருண்டுகொண்டிருந்த இடத்தில் உரசலை ஏற்றுக்கொண்டார்கள். எது தேய வேண்டும் என்பதை யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். தீர்மானித்தவர்களுக்கு அதைக் கவனிக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

தேய்ந்தது எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. 1962இல் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு இதே இனத்துப் பாலிஎத்திலீனைப் பயன்படுத்தத் தொடங்கினார். அதற்குமுன் அவர் வைத்த டெஃப்லான் கிண்ணங்கள் சீக்கிரம் தேய்ந்தன. துகள்கள் சுற்றியிருந்த திசுவைப் பாதித்தன. பாலிஎத்திலீன் மிக மெதுவாகவே தேய்ந்தது. ஆனால் அதன் துகள்களும் நாளடைவில் எலும்பு கரையக் காரணமாகலாம் என்று பின்னர் தெரியவந்தது. நல்ல பராமரிப்பு தேய்மானத்தை ஒழிப்பதில்லை, மெதுவாக்குகிறது. மிச்சம் எங்கோ படியத்தான் செய்யும். ஸ்லைடின் துகள் விழும் பனியும் வசந்தத்தில் உருகித் தண்ணீராகிறது.

நானும் சந்தனக்கட்டைக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் பட்டியை உவமையாக்குகிறேன் என்று ஆட்சேபிக்கலாம். மனிதனுக்கு ஸ்லைடை உதாரணமாக நான் காட்டவில்லை. குனிந்து கோட்டைப் பார்க்கிறவனைக் காட்டுகிறேன். ஸ்லைடை மாற்றலாம் என்பது அந்தப் பொருளின் இயல்பு. ஒரு வீட்டிலோ இயக்கத்திலோ ஒருவரை மாற்றிக்கொள்ளலாம் என்பது மற்றவர்கள் சௌகரியத்துக்குச் செய்துகொண்ட தீர்மானம். அவர் பக்கவாட்டில் கோடு எதுவும் இல்லை. ஆகவே அவரை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது. நாமோ கோடு இல்லாததையே பார்க்காமலிருப்பதற்குச் சாக்காக வைத்துக்கொள்கிறோம்.

தொலைவில் போக வேண்டாம். சிறுபத்திரிகை ஒன்று நின்றுபோனதும் அதன் ஆசிரியர் கைக்காசைப் போட்டு நடத்திய தியாகத்தைப் பற்றி எழுதுகிறோம். அது வந்துகொண்டிருந்தபோது சந்தா அனுப்பாதவர்களும், படைப்பைத் தாமதமாகக் கொடுத்து மெய்ப்பு முழுவதையும் அவர் தலையில் கட்டியவர்களும் அந்தக் கட்டுரைகளை எழுதுகிறவர்களில் உண்டு. அந்தப் புகழ்ச்சி பொய்யல்ல. ஆனால் தேய்த்த கையே சந்தனத்தின் மணத்தைப் பாராட்டுவது போன்றது அது. பத்திரிகை வந்துகொண்டிருக்கும்போது சந்தாவைக் கட்டுவதும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பதும் சின்ன வேலைகள். ட்ராக்கின் இறுக்கத்தை அளப்பதுபோல. முதலில் அவற்றைச் செய்யலாம். புகழ்ச்சி பிறகு.