முறிந்த நோன்பு



ஏற்ற விரதம் ஒருமுறை முறிந்துவிட்டால் அவ்விரதமே அழிந்ததாகுமா? அன்றி, முறிந்த இடத்திலிருந்தே அதனைத் தொடரலாமா? பல்லாண்டுகள் பிள்ளைகளுக்கு அறம் போதித்த எனக்கு இவ்வினாவின் விடை முதுமையிலேதான் விளங்கிற்று.

என் தம்பி நாற்பது ஆண்டுகள் சிகரெட் பிடித்தவர். பத்து ஆண்டுகளுக்கு முன்னர், மகாவீரர் ஜயந்தியன்று, எங்கள் ஊர் ஜினாலயத்தில் "இனிப் புகையேன்" என்று விரதம் ஏற்றார். ஐந்தாம் நாளே முறித்தார். "அருகன் திருமுன் சொன்ன சொல்லைக் காவாத நீ, இனி எந்த முகத்தோடு கோயிலுக்குள் நுழைவாய்?" என்று கடிந்தேன். அன்று முதல் அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்தினார், புகைப்பதை நிறுத்தவில்லை. நான்கு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன.

பின்னர் இருமல் முற்றி, மருத்துவமனை ஒன்றில் ஆலோசனைக்குச் சென்றார். அங்கு எவரும் அவரைக் கடியவில்லை. ஒவ்வொரு சிகரெட்டையும் பற்றவைக்கு முன் நேரம், இடம், மனநிலை ஆகியவற்றைக் குறித்து வரச் சொன்னார்கள். காலைக் காப்பிக்குப் பின், பேருந்து நிறுத்தத்தில், சினம் மூண்டபோது என்று வேட்கை நுழையும் வாயில்கள் தெரிந்தன. வேட்கை எழுந்தால் சற்றுக் காலம் தாழ்த்தல், ஆழ்ந்து மூச்சிழுத்தல், தண்ணீர் பருகுதல், வேறு வேலையில் மனத்தைச் செலுத்துதல் ஆகியவற்றைக் கற்பித்தார்கள். இதுவே நடத்தைச் சிகிச்சை. வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதே இதன் அடிப்படை.

மனவிழிப்புப் பயிற்சி இன்னும் ஒரு படி செல்கிறது. வேட்கையோடு போராடாமலும் அதற்கு இணங்காமலும், அது அலைபோல் ஏறி இறங்குவதை நோக்கியிருக்கச் சொல்கிறது. 88 பேரிடம் நடத்தி 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் இப்பயிற்சி நற்பயன் தந்தது. எனினும், பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2022ஆம் ஆண்டு மதிப்பீடு, இது பிற முறைகளினும் சிறந்தது என்பதற்குத் தெளிவான சான்று காணவில்லை. ஆகவே இதனை மாயமருந்தாகக் கொள்ளலாகாது. வேண்டுவோர்க்கு மருந்துகளும் உண்டு.

என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. ஆலன் மார்லட் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், ஒருமுறை வழுக்குதல் வேறு, பழைய பழக்கத்திற்கே மீளுதல் வேறு என்று பிரித்துக் காட்டினார். "விரதம்தான் போயிற்றே, இனி என்ன?" என்னும் மனச்சோர்வே வழுக்கலை வீழ்ச்சியாக்குகிறது. அச்சோர்வை என் தம்பிக்கு ஊட்டியவள் நான்.

நம் ஆசாரியர்கள் இதனை அறியாதவர்களா? ஒவ்வோர் அணுவிரதத்திற்கும் ஐவகைக் குற்றங்களை எண்ணிக் கூறினார்களே! இல்லறத்தார் தவறுவர் என்று உணர்ந்தன்றோ பிரதிக்கிரமணத்தை வகுத்தார்கள்? செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி நீரைத் தாங்கி நிற்பது கரையின் வலிமையால். கரை கசிந்தால் கசிவை அடைப்பார்களேயன்றி, கசிந்துவிட்டதே என்று கரையையே வெட்டிவிடுவாருண்டோ?

"இது தவறுவோர்க்குச் சலுகையாகாதா?" என்று சிலர் வினவலாம். ஆகாது. குற்றத்தை மறைப்பவனுக்கே அது சலுகை. நேரமும் இடமும் குறித்து ஒப்புக்கொள்பவன் தன்னைத் தானே விசாரிக்கிறான். மீண்டும் விரதம் ஏற்கிறான். வினை வரும் வாயிலை அடைக்கும் செறிப்பு ஒருநாட் சபதமன்று. நாழிகைதோறும் செய்யும் காவல்.

தம்பி இருமுறை வழுக்கி, மூன்றாம் முறை வென்றார். ஆறு ஆண்டுகளாகப் புகைக்கவில்லை, கோயிலுக்கும் வருகிறார். இழந்த நான்கு ஆண்டுகளும் நுரையீரலின் பழைய வலிமையும் திரும்பவில்லை. கடுஞ்சொல்லும் இம்சையே என்று அறிந்திருந்தும் நான் இழைத்த பிழை அது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002ஆம் ஆண்டிலேயே புகையிலை ஒழிப்பு ஆலோசனைப் பிரிவு தொடங்கப்பெற்றது. 1800112356 என்னும் கட்டணமற்ற தேசிய உதவி எண் சிகரெட் பெட்டியின் மீதே அச்சிடப்பட்டுள்ளது, தமிழிலும் பேசலாம். நம் இல்லங்களில் எவரேனும் விரதம் முறித்து வந்து நின்றால், "எப்போது, எங்கே தவறினாய்?" என்று பரிவுடன் வினவுவோம். கதவை மட்டும் அடைக்க வேண்டா.

அறம் வளர்க!