கணக்கில் வராத நாய்

உயிலங்குளத்தில் என் மாணவன் ஒருவனின் வீட்டுக்கு ஸ்பானியல் குட்டியொன்று வந்திருக்கிறது. "நல்ல பேர் ஒண்டு சொல்லுங்கோ சேர்" என்றான்.

பறவை வேட்டைக்கென்று பழக்கிய இனம் அது. பழக்கிய வேட்டை நாய் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்கிறது ஸூரா அல்மாயிதாவின் 4ஆவது வசனம்.

'கித்மீர்' என்ற பெயர்தான் முதலில் நினைவுக்கு வந்தது. குகைவாசிகளின் நாய்க்குத் தப்ஸீர்களில் வழங்கும் பெயர். குர்ஆன் அதற்குப் பெயர் சொல்லவில்லை. வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்தது என்று மட்டும் ஸூரா அல்கஹ்ஃபின் 18ஆவது வசனம் சொல்கிறது. 22ஆவது வசனத்தில், குகையில் இருந்தவர்கள் மூவரா, ஐவரா, எழுவரா என்று மக்கள் முரண்படுகிறார்கள். எந்தக் கணக்கிலும் நாய் விடுபடவில்லை.

எங்கள் கணக்கில் விடுபட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனோம். எங்கள் வாசலில் படுக்கும் நாய் கரைவரை வந்தது. அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. புத்தளம் முகாமில் உம்மா விட்டுவந்தவற்றை அடிக்கடி எண்ணுவா: ஆடு, கோழி, தையல் மெஷின். நாயை எண்ணியதில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

பெயர் வைத்திருந்தாலும் வள்ளத்தில் அதற்கு இடமிருந்திராது. ஆனால் அந்த எண்ணிக்கையில் ஒரு சொல் கூடியிருக்கும்.

மாணவனிடம் சொன்னேன்: "எந்தப் பேரெண்டாலும் வை மகன். வீட்டில எத்தனை பேர் எண்டு ஆராவது கேட்டா, அதையும் சேர்த்துச் சொல்லு."