பொறுமையோடு பிள்ளை வளர்ப்போம்

தாங்கலில் உச்சிப்படிப்பு முடிந்ததும் தாய்மார்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "பிள்ளை சொல் கேட்கவில்லை. செல்போனை வாங்கினால் தரையில் புரண்டு அழுகிறான்." அடித்தால் அன்றைக்கு அடங்குவான். மறுநாள் தம்பியை அடிப்பான். அடியிலிருந்து அவன் கற்றது அதுதான்.

தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதே தர்மம் என்று போதித்தார் அய்யா. ஒரு வீட்டில் எல்லாரிலும் எளியவர் பிள்ளைதானே? வேலையிடத்து அவமானமும் கடன் கவலையும் கடைசியில் அந்த எளியவர் முதுகில் இறங்கலாமா?

பொறுமை என்றால் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவதல்ல. அரசன் முன்னிலையிலும் அய்யா தம் சொல்லை மாற்றவில்லை, கையும் ஓங்கவில்லை. அந்த உறுதியும் அந்தச் சாந்தமும் சேர்ந்ததே பொறுமை.

துவையல் தவத்துக்குப் போன 700 குடும்பங்களுக்கு அய்யா வெறும் புத்திமதி மட்டும் சொல்லவில்லை. குளிக்க, துவைக்க, உண்ண என்று ஓர் ஒழுங்கை வகுத்துக் கொடுத்தார். நம் வீட்டுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். கோபம் வந்த பிறகு அதை வகுக்க முடியாது. மனம் அமைதியாய் இருக்கும்போதே தாயும் தகப்பனும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

முதலில் நாலு நாள் கவனியுங்கள். அடம் எப்போது வருகிறது? பசியிலா, உறக்கம் வரும்போதா, விளையாட்டைப் பாதியில் நிறுத்தும்போதா? காரணம் தெரிந்தால் பாதிச் சண்டை வராமலே தடுக்கலாம்.

சட்டம் இரண்டு மூன்று போதும். "விளக்கு வைத்ததும் போன் அலமாரிக்குப் போகும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நேரம் நெருங்கும்போது ஒருமுறை நினைவுபடுத்துங்கள்.

பிள்ளை கேட்டு நடந்தால் அந்த நிமிஷமே பாராட்டுங்கள். "நீயே போனை வைத்தாயே, நல்லது" என்ற ஒரு சொல் போதும்.

மீறினால் அடியும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். மறுநாள் போன் கிடையாது, அவ்வளவுதான். அழுதால் பக்கத்தில் இருங்கள், ஆனால் இரங்கிக் கொடுத்துவிடாதீர்கள். முதல் சில நாள் அழுகை கூடலாம். தாய் மறுத்ததைத் தகப்பன் கொடுத்தால் எல்லாம் வீண்.

ஞாயிற்றுக்கிழமை தாங்கலுக்குக் கூட்டி வாருங்கள். முற்றம் பெருக்க, தண்ணீர் எடுக்க ஒரு சின்னப் பணிவிடையை அவன் பொறுப்பில் விடுங்கள். பொறுப்பு கிடைத்த பிள்ளை சேட்டையைக் குறைத்துக்கொள்ளும்.

பள்ளியறைக் கண்ணாடியில் நம்மை நாமே காண்கிறோம். பிள்ளையும் நமக்கு ஒரு கண்ணாடிதான். நாம் போனைப் பார்த்துக்கொண்டே "போனை வை" என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? விளக்கு வைத்ததும் நம் போனும் அதே அலமாரிக்குப் போகட்டும்.

அய்யா நம்மை அழைத்தது "மக்களே" என்று. நம் ஊரில் பெற்ற பிள்ளையையும் "மக்களே" என்றுதான் அழைக்கிறோம். கோபத்திலும் அந்தச் சொல் நம் வாயில் மாறாதிருக்க அய்யா அருள்வாராக.

அய்யா உண்டு.